ஹரிஷ் இப்போதைக்குக் குணமாகக் கூடாது

இளவேனில் சில வருடங்கள் ஒரு இணைய சேவை நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் போன் எடுக்கும் வேலை பார்த்தாள். மோடம் வேலை செய்யவில்லை என்று கூப்பிடுகிறவர்கள் பேச்சுவாக்கில் மருமகள் பேசுவதில்லை என்றும் சொல்லி அழுவார்கள். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். ஓர் அழைப்பைச் சட்டென்று முடிக்க வேண்டும் என்ற விதி அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நிறுவனம் அவளை முடித்துவிட்டது.

திருப்பத்தூரில் இருந்த அம்மா சொர்ணம் போனில் சொன்னாள்: "அழறவங்க பேச்சக் கேக்கறதுக்குன்னே ஒரு படிப்பு இருக்குதாமே, அதையாச்சும் படிச்சித் தொலையேன்."

தொலைவதற்கு ஏற்ற இடம் அவள் வேலை பார்த்த கன்னட நகரத்திலேயே, அடுகோடியில் இருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் உண்டு. வாசல் வளைவில் மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறார்கள். கதைக்கு அது வேண்டாம். அதன் உளவள ஆலோசனைத் துறையில் முதுகலைக்கு இடம் கேட்டுப் போன இளவேனிலைத் துறைத்தலைவர் டாக்டர் ஜெயலக்ஷ்மி நேர்காணல் செய்தார்.

"எதுக்கு இந்தப் படிப்பு?"

"கஷ்டத்துல இருக்கறவங்க கூடப் பேசணும் மேடம்."

ஜெயலக்ஷ்மி பரிவோடு சிரித்தார். பரிவோடு சிரிப்பது எப்படி என்று அவர் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். "பேசறது யார் வேணும்னாலும் பேசலாம்மா. ஆட்டோக்காரர்கூடப் பேசறார். நாங்க பேசறதப் பத்தி ஆராய்ச்சி பண்றோம். வித்தியாசம் புரியறதா?"

இளவேனிலுக்குப் புரியவில்லை. ஆனாலும் இடம் கிடைத்தது. புரிந்தவர்கள் யாரும் விண்ணப்பித்திருக்கவில்லை.

இரண்டாம் வருடம் அவளுக்கு ஆய்வு வழிகாட்டியாக வாய்த்தவர் பேராசிரியர் சீனிவாசராகவன். மைசூர் சமஸ்தான காலத்திலேயே இங்கே வந்து ஊன்றிய குடும்பம். வீட்டில் தமிழ், காய்கறிக் கடையில் கன்னடம், துறைக்குள் புள்ளியியல் என்று மூன்று மொழிகளை அவர் சரளமாகப் பேசுவார். 'ஆறுபடி ஆறுதல்' என்ற உலகப்புகழ் பெற வேண்டிய முறையைக் கண்டுபிடித்தவர். அதன்படி, துயரப்படுகிறவர் எதிரே வந்து உட்கார்ந்ததும் முதல் படியில் அவருடைய துயரத்தை அடையாளம் காண வேண்டும். இரண்டாம் படியில் அதை வகைப்படுத்த வேண்டும். மூன்றாவதில் எண் கொடுக்க வேண்டும். நான்காவதில் அதே துயரம் பற்றி முன்னோர் எழுதியதை மேற்கோள் காட்ட வேண்டும். ஐந்தாவதில் ஆலோசனையின் வரம்புகளை விளக்க வேண்டும். ஆறாவது படியில் ஆறுதல். அந்தப் படிவரை இன்னும் யாரும் ஏறியதில்லை.

இத்தனை ஆராய்ச்சிக்கும் ஒரே இடைஞ்சல், வளாகத்தில் சோகம் கிடைக்கவில்லை.

காரணம் துறைதான். யாராவது ஒரு கேள்வித்தாளில் 'சற்று வருத்தம்' என்று குறித்துவிட்டால் போதும், தொடர் கேள்வித்தாள் வரும். அதற்குப் பதில் எழுதினால் நேர்காணல், பிறகு அந்த நேர்காணல் எப்படி இருந்தது என்று இன்னொரு கேள்வித்தாள். ஒரு மெக்கானிக்கல் பையன் விளையாட்டாகக் குறித்துவிட்டு, வகுப்புக்குப் போக நேரமில்லாமல், வருகை குறைந்து, நிஜமாகவே வருந்தினான் என்று சொல்வார்கள். அதிலிருந்து வளாகம் மொத்தமும் 'மிக்க மகிழ்ச்சி' என்றே குறித்து வந்தது. துறையைச் சேர்ந்தவர் யாராவது காகிதக் கட்டோடு கேண்டீனுக்குள் நுழைந்தால் எல்லா மேசைகளிலும் குபீரென்று சிரிப்பு எழும். காதலித்துத் தோற்றவன்கூட இட்லியைப் பார்த்துச் சிரிப்பான்.

தர மதிப்பீட்டுக் குழு வேறு வரப்போகிறது. கட்டுரை எண்ணிக்கை காட்ட வேண்டும். கவலைப்படுகிறவர்கள் இல்லையே என்று துறையில் எல்லோரும் கவலைப்பட்டார்கள். தங்களை வைத்து ஆராயலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் ஹரிஷ் கிடைத்தான்.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து பொறியியல் படிக்க வந்த முதல் வருடப் பையன். வளாகத்தின் வழக்கம் தெரியாது. 'சமீபத்தில் கண்ணீர் விட்டீர்களா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று குறித்து, கீழே கையெழுத்தும் போட்டிருந்தான். தாளைத் திருத்திக்கொண்டிருந்த உதவியாளர் எழுந்து நின்றுவிட்டார். அன்று துறையில் தேநீரோடு மத்தூர் வடையும் வந்தது.

மறுநாள் அவசரக் கூட்டம். ஹரிஷ் யாருக்கு என்பதுதான் பொருள். தூக்கமின்மை தன் துறை என்றார் ஜெயலக்ஷ்மி. வீட்டு நினைவு தன்னுடையது என்றார் சீனிவாசராகவன். மற்றவர்கள் தேர்வு பயம், மொழிச் சிக்கல், உணவு ஏக்கம் என்று ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் கிழமை வாரியாகப் பிரித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஜெயலக்ஷ்மி முடிவுரை ஆற்றினார்.

"ஃப்ரெண்ட்ஸ், ஒரு டிபார்ட்மெண்டுக்கு ஒரு ஜென்யூன் சோகம் கிடைக்கறது லேசில்லை. அவன நாம பொத்திப் பாதுகாக்கணும். யாரும் அவசரப்பட்டு அவனுக்கு ஹெல்ப் பண்ணிடாதீங்க. ஒருத்தர் ஹெல்ப் பண்ணினா அஞ்சு பேரோட டேட்டா போயிடும். செமஸ்டர் முடியற வரைக்கும் ஹரிஷ் குணமாகக் கூடாது. இத நான் கருணையோட சொல்றேன்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஓரத்தில் உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த இளவேனில், 'கருணையோடு' என்பதை எழுத வேண்டுமா என்று கேட்டாள். அடிக்கோடு போடச் சொன்னார்கள்.

சீனிவாசராகவனின் ஆய்வில் ஹரிஷ் கண்ட்ரோல் குரூப்பில் விழுந்தான். அதாவது, ஆறுதல் கிடைக்காதவர்களின் குழு. ஆறுதல் கிடைத்தவர்களோடு ஒப்பிடுவதற்கு இப்படி ஒரு குழு வேண்டும். இளவேனிலின் பணி, ஆலோசனை அறையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் இருப்பது. தலையாட்டக் கூடாது, 'ம்' கொட்டக் கூடாது. டிஷ்யூ பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினால் அது தலையீடு.

ஆலோசனை அறை மதிப்பீட்டுக் குழுவுக்காகக் கட்டியது. சோபாவின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அதில் ஹரிஷ் உட்கார்ந்தபோது அது முனகியது. அறையில் அதற்கு மட்டும்தான் அந்த உரிமை இருந்தது.

பையன் ஒடிசலாக இருந்தான். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. முதல் நாள் பேசவில்லை. இரண்டாம் அமர்வில், "அக்கா, ஒண்ணு கேக்கலாங்களா?" என்றான். அவள் சுவரைப் பார்த்தாள். மூன்றாம் அமர்வில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்து, திடுக்கிட்டு விழித்து, "சாரிங்க்கா" என்றான். இளவேனில் பேனாவை மூடி வைத்தாள்.

"டேய், உனக்கு என்னதான்டா பிரச்சன?"

ஹரிஷ் அவளை நம்பாமல் பார்த்தான்.

"ஜெனரேட்டருங்க்கா."

"என்னது?"

"என்ற ரூமு ஜன்னலுக்கு அடியிலயே ஜெனரேட்டரு வெச்சிருக்காங்க. ராவெல்லாம் ஓடுதுங்க. கட்டிலே ஆடும். தூங்கி எத்தன நாளாச்சுன்னே தெரியலீங்க. கண்ணு எரிஞ்சு தண்ணியா ஊத்துது. அதத்தான் கண்ணீருன்னு எழுதுனேன்."

"இத இவங்க யார் கிட்டயும் சொல்லலியா?"

"எல்லாத்து கிட்டயும் சொன்னேனுங்க. சத்தம், சத்தம்னு எழுதியும் குடுத்தேன்."

அது உண்மைதான். அவன் 'சத்தம்' என்று எழுதியதைச் சீனிவாசராகவன் 'உள்ளிரைச்சல்' என்று வகைப்படுத்தி, நவீன இளைஞனின் ஆழ்மனக் கூச்சல் பற்றி ஒரு மாநாட்டில் கட்டுரை வாசித்துப் பொன்னாடையும் வாங்கியிருந்தார்.

"ரூம் மாத்திக் குடுத்தாப் போதுங்க்கா," என்றான் ஹரிஷ். "உள்தேர்வு ரெண்டுலயும் தூங்கிட்டேன். இதுலயும் போச்சுன்னா ஊருக்கே போயி அப்பாகூட மஞ்ச மண்டியில உக்காந்துக்கலாம்னு இருக்கேனுங்க."

இளவேனில் நேராக வளாகப் பராமரிப்பு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே மேற்பார்வையாளர் முனிராஜ் ஒரு தட்டில் சித்ரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ரூமு காலி இருக்குது மேடம், மூணாவது மாடில. ஆனா உங்க டிபார்ட்மெண்ட்டே அந்தப் பையன மாத்தக்கூடாதுன்னு சொல்லிருக்குதே."

"அப்ப ஜெனரேட்டர வேற பக்கம் வைங்களேன்."

"அது ஜெயலக்ஷ்மி மேடமோட லேபுக்கு ஓடுது. முகத்தப் பாத்தே மனுஷன் குஷியா இருக்கானான்னு மெஷின் சொல்லுமாமே, அந்த லேபு. கரண்ட் கனெக்ஷன் இன்னும் சாங்ஷன் ஆகல."

"நகத்த முடியுமா முடியாதா?"

முனிராஜ் பொறுமையாக விளக்கினார். "ஸ்டூடண்ட் கேட்டா அது கம்ப்ளெயிண்ட் மேடம். கம்ப்ளெயிண்ட்ட நாங்க வாங்கி வெச்சுக்குவோம். புரொபசர் கேட்டா அது ரிக்வயர்மெண்ட். ஒடனே செஞ்சிடுவோம். ஸிஸ்டம் அப்படி."

அவள் தன் வழிகாட்டியிடம் போனாள். சீனிவாசராகவன் முகம் வெளுத்துப்போனார்.

"கண்ட்ரோல் குரூப்போட பேசினியா?"

"பேசல சார். கேட்டேன்."

"அது இன்னும் மோசம்! நோடம்மா, பாரு, அவனுக்குத் தூக்கம் வந்துடுத்துன்னா என்னோட நாலாவது படி என்ன ஆறது? முப்பது மேற்கோள் எடுத்து வெச்சிண்டிருக்கேன். நீ எத்திக்ஸ் கமிட்டியக் கேளு."

நெறிமுறைக் குழுவின் தலைவரும் ஜெயலக்ஷ்மிதான். மகிழ்ச்சி ஆய்வகத்தின் இயக்குநரும் அவரே. ஒரே அறையில் மூன்று பெயர்ப்பலகைகளை வைத்துக்கொண்டு, யார் வருகிறார்களோ அதற்கேற்பத் திருப்பி வைப்பார். இளவேனில் சொன்னதைக் கண்கள் கலங்கக் கேட்டார்.

"துறைத்தலைவரா எனக்கு அந்தக் குழந்தைய ரூம் மாத்தணும்னுதான் இருக்கு. ஆனா கமிட்டி சேர்பெர்சனா நான் ரொம்ப ஸ்ட்ரிக்ட். எனக்கே பயமா இருக்கும்." பலகையைத் திருப்பினார். "யோசிச்சுப் பாரும்மா. அவனோட துன்பத்த நாம ஆரம்பிக்கல. நாம ஆரம்பிக்காத ஒண்ண நிறுத்தறதுக்கு நமக்கு என்ன உரிமை இருக்கு? இது ரொம்ப ஆழமான கேள்வி. அடுத்த செமஸ்டர் கமிட்டி கூடும்போது டிஸ்கஸ் பண்ணலாம்."

தொம்மலூரில் இளவேனில் தங்கியிருந்த பி.ஜி. விடுதிக்குப் போகும் பஸ்ஸில் அன்று உட்கார இடம் கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். இவர்களிடம் ஓர் உதவி கேட்டால் பதறுகிறார்கள். ஓர் ஆய்வு என்று சொன்னால் மத்தூர் வடை வாங்குகிறார்கள். முனிராஜ் சொன்னது போல, ஸிஸ்டம் அப்படி. சிக்னலுக்குச் சிக்னல் நின்ற அந்தப் பயணம் முடிவதற்குள் அவளுக்கு வழி புலப்பட்டுவிட்டது.

மறுநாள் காலை அவள் துறையில் ஓர் ஆய்வுத் திட்டத்தைச் சமர்ப்பித்தாள். தலைப்பு: 'இரவுநேர இயந்திர இரைச்சலிலிருந்து இடம்பெயர்தலும் துயர மதிப்பெண் மாற்றமும்: ஒரு முன்–பின் ஒப்பாய்வு.' பையனை வேறு அறைக்கு மாற்று என்பதைத்தான் அப்படி எழுதியிருந்தாள். துறையில் ஒருவர் விடாமல் அத்தனை பேரையும் கட்டுரையாசிரியர்களாகச் சேர்த்து, தன் பெயரைக் கடைசியில் போட்டிருந்தாள்.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. இடம்பெயர்தல் என்ற சொல்லில் ஒரு சர்வதேசத் தன்மை இருப்பதாக ஜெயலக்ஷ்மி பாராட்டினார். அடுத்த செமஸ்டர் கூட வேண்டிய நெறிமுறைக் குழு, மின்தூக்கி நான்காம் மாடியிலிருந்து தரைக்கு இறங்குவதற்குள் கூடிக் கலைந்தது. வந்திருந்த உறுப்பினர் ஜெயலக்ஷ்மி ஒருவரே என்பதால் எதிர்ப்பு இல்லை.

திட்டத்தில் ஒரு பிரிவு மட்டும் கொஞ்சம் விவாதத்துக்கு உள்ளாயிற்று. ஹரிஷ் காலி செய்யும் அறையில், ஒப்பீட்டுக்காக, துறை ஆசிரியர் ஒருவர் இரவுகளில் தங்கிப் பதிவு செய்ய வேண்டும். தங்குகிறவரே கட்டுரையின் முதல் ஆசிரியர்.

"நானே போயிருப்பேன்," என்றார் ஜெயலக்ஷ்மி உண்மையான வருத்தத்தோடு. "பாய்ஸ் ஹாஸ்டலாப் போச்சு."

சீனிவாசராகவன் எழுந்து நின்றார். "எங்க கொள்ளுத்தாத்தா மைசூர் சமஸ்தானத்துல சர்வே இலாகா. புலி நடமாடற காட்டுல கூடாரம் போட்டுத் தூங்கினவர். ஃபீல்ட் ஒர்க் நேக்கு ரத்தத்துலயே இருக்கு."

தலையணை, ஃபிளாஸ்க், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி சகிதம் அன்று மாலையே விடுதிக்குக் குடிபோனார். போகிற வழியில் முனிராஜைக் கூப்பிட்டு, "ஸ்டடி முடியற வரைக்கும் அந்த ஜெனரேட்டர ஒரு இஞ்ச் நகத்தப்படாது, தெரிஞ்சுதா? வேரியபிள் மாறிடும்," என்று கண்டிப்பாகச் சொன்னார். புரொபசர் கேட்டதால் அது ரிக்வயர்மெண்ட் ஆயிற்று.

ஹரிஷ் மூன்றாம் மாடிக்குப் போனான். படுத்தவன் அடுத்த நாள் மதியம் வரை எழுந்திருக்கவில்லை. பக்கத்து அறைப் பையன்கள் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார்கள். எழுந்து, குளித்து, கேண்டீனில் தோசை தோசையாகச் சாப்பிட்டான். சிரித்தான். துறை உதவியாளர் நீட்டிய தாளில் 'மிக்க மகிழ்ச்சி' என்று குறித்துக் கொடுத்தான். உதவியாளர் அதை மழையில் நனைந்த அப்பளத்தைப் போலப் பிடித்துக்கொண்டு போனார்.

சீனிவாசராகவன் முதல் நாள் காலை, "சுவாரஸ்யமான டேட்டா," என்றார். அடுத்த நாள், "டேட்டா," என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் காபியில் உப்புப் போட்டுக்கொண்டார். மின்தூக்கியில் ஏறி, பொத்தானை அழுத்தாமல் நெடுநேரம் நின்றுகொண்டிருந்து, வெளியே வந்து நன்றி சொன்னார். வகுப்பில் இரண்டாம் படியை இரண்டு முறை விளக்கிவிட்டு, தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று மாணவர்களைக் கேட்டார். கையைப் பிடித்து இறக்குவதற்குள் மேடையின் விளிம்புக்குப் போய்விட்டார். ஆனாலும் முதல் ஆசிரியர் பதவியை விட்டுக்கொடுக்க மறுத்தார்.

மதிப்பீட்டுக் குழு வருவதற்கு முன்பான ஒத்திகை நாள். துறை மொத்தமும் கருத்தரங்கக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. சீனிவாசராகவன் ஆறுபடி ஆறுதலை விளக்க எழுந்தார். இளவேனில் புரொஜெக்டரை இயக்கினாள். திரையில் படிக்கட்டு தெரிந்தது.

"ஆறுதல்ங்கறது..." என்றார். நிறுத்தினார். "ஆறுதல்ங்கறது..." உதடு துடித்தது. "நேக்கு முடியலை."

மேடையிலேயே குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தார்.

அடுத்த கணம் எல்லாப் பைகளின் ஜிப்புகளும் திறக்கும் சத்தம் கேட்டது. வளாகத்தில் மீண்டும் ஒரு ஜென்யூன் சோகம்! பென்சில் கிடைத்தவர்கள் முன்னே ஓடினார்கள். ஜெயலக்ஷ்மி எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தார்.

"சார், ப்ளீஸ், கண்ணத் தொடைக்காதீங்க, ஒரே ஒரு ஸ்கேல் எடுத்துக்கறேன். ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள உங்க வேதனை எத்தன?"

"இதுக்கு முன்னாடி எப்போ இப்படி இருந்தது சார்?" என்றது இன்னொரு குரல்.

"சம்மதக் கையெழுத்து, சார், இங்க, இங்க..."

சீனிவாசராகவன் பேனா முனைகளுக்கு நடுவே திருதிருவென்று விழித்தார். சோகத்தின் அந்தப் பக்கத்தில் அவர் இதுவரை உட்கார்ந்ததில்லை. இளவேனில் புரொஜெக்டரை அணைத்தாள். காகிதங்களை விலக்கிக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்தாள்.

"எழுந்து வாங்க சார்."

"கண்ட்ரோல் குரூப்புக்கா?" என்று நடுங்கினார்.

"இல்ல சார். சோபாவுக்கு."

ஆலோசனை அறையில் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தெறிந்துவிட்டு அவரைப் படுக்க வைத்தாள். தலை சாய்வதற்குள் குறட்டை வந்துவிட்டது. கதவைச் சாத்தி, வெளியே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஹரிஷ் விஷயம் கேள்விப்பட்டு, கணக்குப் புத்தகத்தோடு வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான். "சத்தம் போடாம உக்காந்துக்கறேனுங்க்கா," என்று கிசுகிசுத்தான்.

ஜெயலக்ஷ்மி கேள்வித்தாளோடு வந்தார். "உள்ள என்ன நடக்கறது?"

"கவுன்சலிங் மேடம்."

"இங்கயா?" என்றார் ஜெயலக்ஷ்மி. அப்படி ஒன்று அந்தக் கட்டடத்தில் நடக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் திரும்பிப் போனார்.

சாயங்காலம் சீனிவாசராகவன் கண் விழித்தார். முகத்தில் பழைய களை வந்திருந்தது. எழுந்து உட்கார்ந்து, கதவைத் திறந்து நின்ற இளவேனிலைப் பார்த்தார்.

"நான் தூங்கறச்சே யாராவது டேட்டா எடுத்தாளா?"

"இல்ல சார்."

"நீ?"

"நானும் எடுக்கல சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளுக்குப் பின்னால் புத்தகத்தோடு நின்ற ஹரிஷைப் பார்த்தார். அவனும் அவரைப் பார்த்தான். அந்த ஜெனரேட்டருக்கு மேல் படுத்தவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான்.

"கட்டிலே ஆடறதுடா," என்றார்.

"ஆமாங்க சார்," என்றான் ஹரிஷ் ஆதரவாக.

சீனிவாசராகவன் போனை எடுத்து முனிராஜைக் கூப்பிட்டார். ஜெனரேட்டரை உடனே பின்பக்கம் வண்டி நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். முனிராஜின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஆகல்ல, முடியாது சார். ஸ்டடி முடியற வரைக்கும் நகத்தக்கூடாதுன்னு நீங்கதானே ஆர்டர் போட்டீங்க."

"ஸ்டடி முடிஞ்சுடுத்து!"

"கன்ஃபார்மா சார்? அப்ப ரிசல்ட் என்னான்னு சொல்லுங்க, ஃபைல்ல எழுதணும்."

பேராசிரியர் கண்களை மூடினார். முப்பது மேற்கோள்களும் ஆறு படிகளும் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து, நின்று, இறங்கிப் போனதை இளவேனில் பார்த்தாள்.

"சத்தம் ஜாஸ்திய்யா!" என்று கத்தினார்.

"அவ்ளோதானா சார்?"

"அவ்ளோதான்!"

'மேலும் ஆய்வு தேவை' என்று முடியாத ஒரு முடிவை அவர் தன் வாழ்நாளில் வெளியிட்டது அதுவே முதல் முறை.